வீட்டு இசைக் கருவியும் பின்வந்த திருத்தங்களும்

இல்லத்திலே இசை கேட்பதற்கென ஒரு கருவியை வாங்கியவர் அதனோடு அமைந்துவிடுவது அரிது. சில மாதங்கள் சென்றதும் ஊசி போதாது என்பர். பின்பு ஒலிபெருக்கி போதாது என்பர். அதன்பின் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அம்பிளிபயரிற் குறை காண்பர். ஒவ்வொரு முறையும் பணம் செலவாகின்றது. முதலில் வாங்கிய கருவி தந்த இன்பத்தோடு ஒப்பிடுமிடத்து, பின்னர்ச் செய்த திருத்தங்கள் தந்த இன்பம் கூடியதோ குறைந்ததோ என்னும் வினா இசைப்பிரியரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இதற்கான விடையை விளம்பரங்களில் தேடுவதிற் பயனில்லை. ஒலிப்பதிவுக் கலையின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு அதனைத் தெளிவாகவே கூறுகின்றது.

வினாவில் உள்ள 'பின்' என்ற சொல் இருபொருள் தருவது. காலத்தாற் பின்வந்த திருத்தம் ஒன்று. ஒலி செல்லும் பாதையிலே பின்னால் நிற்கும் உறுப்பிற் செய்யப்படும் திருத்தம் மற்றொன்று. குளத்து நீர் வயலை அடைவதற்கு முன் பல மதகுகளைக் கடக்கின்றது. அதுபோலப் பாடகரின் குரலும் பதிவு செய்யும் கருவி, இசைத்தட்டு, ஊசி, அம்பிளிபயர், ஒலிபெருக்கி, அறை என்பவற்றைக் கடந்தே கேட்பவரின் செவியை அடைகின்றது. மதகுகளில் எது மிகக் குறுகியதோ அதுவே வயலுக்குப் பாயும் நீரின் அளவை நிருணயிக்கும். மற்றை மதகுகளை எவ்வளவு அகலமாக்கினாலும் நீர் கூடுவதில்லை. இதனை மனத்திற்கொண்டு வரலாற்றை நோக்கினால், ஒரு காலத்திற் பெரும்பயன் தந்த திருத்தம் மற்றொரு காலத்தில் வீண்செலவாகி நிற்பதன் காரணம் விளங்கும்.

தோமஸ் அல்வா எடிசன் 1877ஆம் ஆண்டில் ஈயத்தகடு சுற்றிய உருளையிலே தம் குரலைப் பதித்து மீண்டும் கேட்டார். பத்தாண்டுகளின் பின், 1887இல், எமில் பேர்லினர் தட்டையான வட்டத் தட்டிலே ஒலியைப் பதிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அரக்குக் கலவையாற் செய்யப்பட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் இசைத்தட்டு இவ்வழியிற் பிறந்ததே. அக்காலத்திற் பதிவறையில் மின்சாரம் பங்கெடுக்கவில்லை. பாடகர் ஒரு பெரிய குழலின் வாயிலே முகத்தை வைத்துப் பாடுவார். அவருடைய மூச்சின் வலிமையே குழலின் மறுமுனையிலுள்ள மென்தகட்டை அதிரச் செய்து, மெழுகிலே கோடு கீறும். மனிதச் செவி செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கவல்லது. குழல்வழிப் பதிவோ ஏறத்தாழ 200 முதல் 2,000 வரையிலான அதிர்வுகளையே பெரும்பாலும் பிடித்தது. வயலினின் மெல்லொலி மெழுகில் விழாமையால், தகரக் குழல் பொருத்திய 'ஸ்றோ' வயலின் என்னும் விந்தையான வாத்தியம் பதிவறைகளிலே கையாளப்பட்டது. மேனாட்டு வாத்தியக் குழுக்களில் ஆழ்ந்த சுருதிக்குரிய பெரிய நரம்பு வாத்தியத்தை விலக்கி, ரியூபா என்னும் பித்தளைக் கொம்பை வைத்து ஊதினர். கருவிக்கு ஏற்ற இசை வேண்டியிருந்தபடியால் இசையே தன் உருவை மாற்றிக்கொண்டது.

இந்திய உபகண்டத்திலும் இதுவே நிலைமை. 1902ஆம் ஆண்டிலே பிரெட் கைஸ்பேர்க் என்பவர் பதிவுக் கருவிகளோடு கல்கத்தா வந்து, கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிய நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடம். ஒரு மணி நேரம் விரித்துப் பாடத்தக்க இராகத்தை மூன்று நிமிடத்துள் அடக்கும் புதிய கலையை வித்துவான்கள் கற்க வேண்டியதாயிற்று. கருநாடக இசைத்தட்டுகளிற் கீர்த்தனை பெரிதும் இடம்பெற்று, ஆலாபனை ஓரிரு கீற்றுகளாகச் சுருங்கியதற்கு இரசனை மாத்திரம் காரணமன்று. தட்டின் விட்டமும் காரணமாகும்.

குழல்வழிக் காலத்திலே வீட்டுக்காரர் செய்யக்கூடிய திருத்தம் யாது? பெரிய குழல் வாங்கலாம். புதிய ஊசி பொருத்தலாம். 1906இல் அமெரிக்க விக்டர் கம்பனி குழலை மரப்பெட்டிக்குள் மறைத்து 'விக்ட்ரோலா' என்ற பெயரில் வெளியிட்டது. கூடத்தின் அழகு பெருகியது. ஒலி பெரிதாக மாறவில்லை. பதிவறையிலேயே இழக்கப்பட்ட ஆழமும் உச்சமும் வீட்டிலே எத்தகைய பெட்டியை வைத்தாலும் திரும்பி வரமாட்டா. ஆயினும் மக்கள் மனநிறைவோடு கேட்டனர் என்பதற்குச் சான்றுண்டு. 1915 முதல் பத்தாண்டுக் காலம் எடிசன் கம்பனியார் அமெரிக்க நகரங்களிலே 'தொனிச் சோதனை' என்னும் நிகழ்ச்சிகளை நடத்தினர். மேடையிலே பாடகியும் பெட்டியும் அருகருகே நிற்பர். இருளிலே யார் பாடுவது என்று சபையோர் ஊகிக்க வேண்டும். ஊகிக்க முடியவில்லை என்றே பலர் கூறினர். பாடகர் தம் குரலைப் பெட்டியின் அளவுக்கு அடக்கிப் பாடியமையும் இவ்வெற்றிக்குத் துணை செய்தது. செவி, தான் பழகிய அளவையே முழுமை என்று கொள்ளும் இயல்புடையது. இவ்வியல்பு பிற்காலத்துச் சோதனைகளிலும் தலைகாட்டும்.

1925ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் நடுத்தூண் எனலாம். பெல் ஆய்வுக்கூடத்தாராகிய மாக்ஸ்பீல்ட், ஹரிசன் என்போர் ஒலிவாங்கியையும் வால்வு அம்பிளிபயரையும் கொண்டு மின்முறைப் பதிவை அமைத்தனர். பிடிபடும் அதிர்வுகளின் எல்லை செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 5,000 வரை விரிந்தது. பாடகர் குழலுக்குள் முகம் புதைக்க வேண்டியதில்லை. மண்டபத்தின் எதிரொலியும் தட்டில் ஏறிற்று. அவ்வாண்டு நவம்பரில் விக்டர் கம்பனி 'ஓர்த்தொபொனிக்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அப்பெட்டி மின்சாரமின்றி, சாவி முடுக்கிய சுருள்வில்லாலும் கணக்கிட்டு மடித்த குழலாலும் இயங்கியது. மின்முறையிற் பதித்த தட்டினை மின்சாரமில்லாத வீட்டிலே கேட்கச் செய்த திறமை வியக்கத்தக்கது. அதே ஆண்டில் பிரன்ஸ்விக் கம்பனியார் முற்றும் மின்சாரத்தால் இயங்கும் பெட்டியையும் விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஜெனரல் எலக்றிக் கம்பனியைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச் சுருளோடு காகிதக் கூம்பை இணைத்த ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்ததும் 1925இலேயே. இன்றைய வீட்டு ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அந்த இலக்கணத்துக்கே கட்டுப்பட்டுள்ளன. கொழும்பு வானொலி நிலையம் தொடங்கியதும் இவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் நாள் என்பது நேயர்க்கு நினைவூட்டத்தக்க பொருத்தம். அதற்கு முன் 1923இலே நடந்த பரீட்சார்த்த ஒலிபரப்பில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிற்றறையிலிருந்து வானேறியது கிராமபோன் இசையே.

அவ்வேளை வீடுகளில் நேர்ந்தது கவனிக்கத்தக்கது. பழைய கிராமபோனிலே புதிய தட்டை வைத்தவர் ஓரளவு முன்னேற்றத்தைக் கேட்டார். புதிய பெட்டியிலே பழைய தட்டை வைத்தவருக்குப் புதிதாகக் கிடைத்தது பெரும்பாலும் ஊசியின் இரைச்சலே. புதிய தட்டும் புதிய பெட்டியும் கூடிய இடத்திலேதான் அதிசயம் நிகழ்ந்தது. முதல் மதகு திறந்தபின்னரே கடை மதகைத் திருத்துவதற்குப் பொருள் உண்டாயிற்று.

அடுத்த முப்பதாண்டுகளில் மதகுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1927இல் ஹரல்ட் பிளாக் என்னும் பொறியியலாளர் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து வேலைக்குச் செல்லும்போது, கையிலிருந்த செய்தித்தாளிலேயே ஒரு படம் வரைந்தார். அம்பிளிபயரிலிருந்து வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மீண்டும் உட்செலுத்தினால், கருவி தன் பிழையைத் தானே அழித்துக்கொள்ளும் என்பதே அப்படத்தின் கருத்து. இருபதாண்டுகளின் பின் இக்கருத்தை வீட்டுக் கருவிக்குப் பொருத்தி, 1947இல் வில்லியம்சன் என்பவர் இலண்டன் சஞ்சிகையொன்றிலே ஓர் அமைப்பை வெளியிட்டார். அதன் ஒலித்திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பற்றாசுக் கோல் பிடிக்கத் தெரிந்த எவரும் அதனை வீட்டிலேயே கட்டிக்கொள்ளக் கூடியதாயிருந்தது. இதற்கிடையில், நீர்மூழ்கிகளின் ஒலியை வேறுபடுத்தி அறியப் பயிற்றுவதற்கென யுத்த காலத்தில் வளர்த்த நுட்பத்தை டெக்கா கம்பனியார் இசைக்குத் திருப்பி, செக்கனுக்கு 14,000 அதிர்வுகள் வரை பதித்தனர். 1948 ஜூனில் கொலம்பியா கம்பனி நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை அறிமுகம் செய்தது. வினைல் என்னும் பொருளாலான அத்தட்டில் இரைச்சல் குறைவு. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கும். விரிந்த ஆலாபனைக்கு வீட்டிலே இடம் கிடைத்தது அப்பொழுதுதான். ஒலியின் தூய்மையினும் இக்கால நீட்சியே கீழைத்தேயச் சங்கீதத்துக்குப் பெருங்கொடை என்பது மிகையன்று.

இவ்வாறு 1950களின் நடுப்பகுதியில் பதிவும் அம்பிளிபயரும் செவ்வையாகிவிட, குறுகிய மதகு ஒலிபெருக்கியின் பக்கம் சென்றது. ஆழ்ந்த சுருதியைச் செவ்வனே கேட்க அலுமாரி அளவான பெட்டி வேண்டியிருந்த காலம் அது. எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் சிறிய பெட்டியைக் காற்றுப் புகாவண்ணம் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்பினைத் தாங்கும் வில்லாக்கினார். 1954இல் வெளிவந்த அவருடைய ஏ.ஆர். ஒலிபெருக்கி புத்தகத் தட்டிலே வைக்கத்தக்கது. ஆயினும் பெரும்பெட்டிகளிலும் தெளிவாக ஆழ்ந்த ஒலியைத் தந்தது. பின்னர் அக்கம்பனியார் எடிசனின் பழைய உத்தியைப் புதுப்பித்தனர். நால்வர் குழுவொன்று மேடையில் வாசிக்கும். இடையே அவர்கள் வில்லை வெறுமனே அசைத்திருக்க, ஒலிபெருக்கி தொடர்ந்து பாடும். மாற்றம் நிகழ்ந்த இடத்தைச் சொல்ல இயலாது பலர் திகைத்தனர். வில்ச்சர் வழிநின்றோர் கூறியது எளிது: கையிலுள்ள பணத்தின் பெரும்பங்கை ஒலிபெருக்கிக்கே செலவிடுக.

இதற்கு நேர்மாறான கட்சி ஸ்கொத்லாந்திலே தோன்றியது. கிளாஸ்கோ நகரில் ஐவர் டீபென்பிறன் என்பவர் 1973இல் லின் கம்பனியை நிறுவி, எல்.பி.12 என்னும் சுழல்தட்டை விற்கத் தொடங்கினார். அவர் வாதம் இதுவாகும்: தட்டிலிருந்து ஊசி எடுக்கத் தவறியதை அம்பிளிபயராலோ ஒலிபெருக்கியாலோ உண்டாக்க முடியாது, ஆகவே முதலிற் சுழல்தட்டு, அடுத்து ஊசிக்கை, அதன்பின் ஊசி, கடைசியாகவே ஒலிபெருக்கி. தருக்க அளவில் இதனை மறுப்பதற்கில்லை. குழல்வழிக் காலத்தின் பாடமும் அதுவே. நெடுந்தட்டுக் காலத்தில் மலிவான சுழல்தட்டுகளின் உருளொலியும் வேகத் தளம்பலும் செவிக்கு நன்கு புலப்பட்டமையால் அவ்வாதத்துக்கு உண்மையான அடிப்படையும் இருந்தது. ஆயின், 'இழந்தது திரும்பாது' என்பது வேறு. 'இழப்பு அங்கேதான் நிகழ்கின்றது' என்பது வேறு. முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவியதாகக் கொள்வது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை. எல்.பி.12 சுழல்தட்டுக்கு 1982இல் ஒரு மின்வழங்கித் திருத்தம், 1990இல் மற்றொன்று என்றவாறு பல தசாப்தங்களாகப் புதிய உறுப்புகள் வந்துகொண்டேயிருந்தன. தட்டை நிலத்தின் அதிர்விலிருந்து பிரிக்கும் வில்தொங்கல் முறை அதன் சிறப்புகளில் ஒன்று. அம்முறையை 1961இலேயே தம் சுழல்தட்டிற் கையாண்டவர், ஒலிபெருக்கிக் கட்சித் தலைவராகிய வில்ச்சரே என்பது சுவையான செய்தி.

அம்பிளிபயரைப் பற்றிய வழக்கு 1978இல் ஒருவாறு தீர்ந்தது. இங்கிலாந்திலே குவாட் கம்பனியின் மூன்று தலைமுறை அம்பிளிபயர்கள், அதாவது 1953இன் வால்வுக் கருவி, 1967இன் திரான்சிஸ்டர்க் கருவி, 1975இன் கருவி ஆகியவை, பெயர் மறைக்கப்பட்டு அனுபவமிக்க செவிகளின்முன் வைக்கப்பட்டன. ஜேம்ஸ் மொயர் நடத்திய அச்சோதனையில் எது எதுவென்று நம்பத்தக்க வகையில் எவரும் பிரித்தறியவில்லை. இருபத்திரண்டு ஆண்டு வளர்ச்சி வெப்பத்தைக் குறைத்தது, பாரத்தைக் குறைத்தது, வலுவைக் கூட்டியது. இசையின் சாயலிற் செவி உணரத்தக்க வேற்றுமையை அது சேர்க்கவில்லை.

1982 ஒக்டோபரில் சோனி கம்பனி யப்பானிலே குறுந்தட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டதோடு முதல் மதகு பற்றிய வழக்கும் பெரும்பாலும் முடிந்தது. செக்கனுக்கு 44,100 முறை ஒலியை அளந்து இலக்கங்களாக்கி ஒளிக்கதிராற் படிக்கும் முறை அது. ஊசி தேய்வதில்லை, உருளொலி இல்லை, வேகம் தளம்புவதில்லை. செல்வர் வீட்டுக்கே உரியதாயிருந்த தூய மூலவொலி, சில ஆண்டுகளில் விலை இறங்கியதும், சாதாரணக் குடும்பத்துக்கும் கிட்டியது. 1999இல் அதனினும் நுண்ணிய அளவீடு கொண்ட மேல்நிலைத் தட்டு வந்தது. அதனை மேயர், மோரன் என்னும் இருவர் அமெரிக்காவிலே சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டனர். மேல்நிலைத் தட்டின் ஒலியை ஒருமுறை நேராகவும், மறுமுறை பழைய குறுந்தட்டின் அளவீட்டுக்குள் செலுத்தியும் கேட்பித்து, வேற்றுமை காணுமாறு பணித்தனர். 554 முறை நடந்த சோதனையில் 276 முறை சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறத்தாழ இதுவே கிடைத்திருக்கும்.

ஒலிபெருக்கியின் கதை இவ்வாறு முடியவில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையிற் பணிபுரிந்த புளோயிட் டூல் 1980களிலே திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிகளை வைத்து மக்களைக் கேட்கச் செய்தார். கேட்டோர் வேற்றுமையை உணர்ந்தனர். அன்றியும், எது நன்று என்பதிலும் பெரும்பாலும் ஒத்த கருத்தினராயிருந்தனர். 1994இல் அவரும் சீன் ஒலிவ் என்பவரும் அச்சோதனையைக் கண்ணாற் பார்த்துக் கேட்பதோடு ஒப்பிட்டனர். பெட்டியின் பருமனும் பெயரும் விலையும் கண்ணிற் பட்டவுடன் தீர்ப்புகள் இடம்மாறின. எடிசனின் இருண்ட மேடையில் வெளிப்பட்ட செவியின் பலவீனம் இங்கே அளந்து காட்டப்பட்டது.

ஒலிபெருக்கிக்கும் அப்பால் இருப்பது அறை. இதற்கு விற்பனையாளர் இல்லாமையாற் போலும் இதனைப் பற்றிய பேச்சும் குறைவு. வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும் உள்ள கூடத்திலே ஒலி சுவருக்குச் சுவர் தாவி மிருதங்கத்தின் சொற்கட்டுகளை ஒன்றோடொன்று குழப்பும். மூலையிலே தள்ளிய பெட்டி ஆழ்ந்த சுருதியை வீங்கச் செய்யும். புத்தக அலுமாரி, திரைச்சீலை, பாய் என்பன இதனைத் தணிக்கும். பெட்டியை இரண்டடி முன்னே நகர்த்துவதற்குச் செலவே இல்லை. புதிய அம்பிளிபயரால் எய்தாத மாற்றம் இவ்வளவிற் கைகூடுவதுண்டு. இறுதி மதகாகிய செவியோ வயது ஏற ஏற உச்ச ஒலிகளை இழக்கின்றது. மிக நுண்ணிய கருவியை வாங்கும் பொருள்வசதி பெரும்பாலும் அந்த வயதிலேதான் வருகின்றது!

இவற்றால், பின்வந்த திருத்தம் யாவும் சிறிதெனத் தள்ளுவதும் பொருந்தாது. பிந்திய திருத்தம் முந்திய பதிவுக்கே உயிர் கொடுத்த நிகழ்ச்சிகள் உண்டு. 1930களின் இசைத்தட்டுகளை அக்கால வீடுகளிலே உருக்கு ஊசி நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு உழுது சென்றது. பிற்காலத்தில் வந்த இலேசான ஊசிக்கைகள் சில கிராம் பாரத்தோடே அதே தட்டிற் செல்லுகையில், பதிவறையிற் கீறப்பட்டும் எவர் செவியையும் எட்டாதிருந்த நுண்ணொலிகள் வெளிவந்தன. மின்முறையிற் பதித்த பழைய தமிழ்த் தட்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பாடியோர் தம் தட்டை அவ்வளவு தெளிவாகக் கேட்டிரார்.

இவ்வகையில் மிகத் தூரம் முந்திச் சென்றவர் அலன் புளும்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். திரைப்படத்தில் நடிகர் ஒரு பக்கம் நடக்க அவர் குரல் மறுபக்கத்திலிருந்து வருவது கண்டு, இரு செவிக்கும் இருவேறு ஒலி தரும் முறையை ஆராய்ந்து, 1931 டிசெம்பரில் உரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே கோட்டின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைக் கீறும் வழியும் அதில் அடங்கியிருந்தது. 1934இல் இலண்டன் அபி றோட் பதிவகத்தில், சேர் தோமஸ் பீச்சம் மொசார்ட்டின் 'ஜுப்பிட்டர்' சிம்பொனியை ஒத்திகை நடத்தியபோது, புளும்லைன் அதனை இம்முறையிற் பதித்தார். அத்தட்டுகளை இயக்கவல்ல கருவி அன்று எந்த வீட்டிலும் இல்லை. 1942 ஜூனில், ராடர்க் கருவியொன்றைச் சோதித்துப் பறந்த விமானம் விழுந்ததில் அவர் உயிர் துறந்தார். அக்கோட்டு முறையிலமைந்த ஸ்ரீரியோத் தட்டுகள் 1958இலேயே கடைகளுக்கு வந்தன.